வகையும் வர்க்கமும்: இணையத்தள உள்ளடக்க ஒழுங்கமைப்புப் பற்றிய ஒரு நோக்கு

1

பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கமொன்றின் ஆண்டிதழைக் கையிலெடுத்துப் புரட்டுவோமாயின், அது ஒரே தன்மைத்தான எழுத்துகளின் தொகுதி அன்று என்பது உடனே புலனாகும். துணைவேந்தரின் வாழ்த்துச் செய்தி, இதழாசிரியரின் முன்னுரை, ஆய்வுக் கட்டுரைகள், மாணவரின் கவிதைகள், சிறுகதைகள், சங்கம் மேடையேற்றிய நாடகத்தின் எழுத்துரு, கிராமமொன்றிற் சேகரிக்கப்பெற்ற நாட்டார் பாடல்கள், செயலாளரின் ஆண்டறிக்கை, இறுதியிற் சில பக்கங்களுக்கு வர்த்தக விளம்பரங்கள் என அது விரிந்து செல்லும். இவற்றை வேறுபடுத்தி அறிவதற்கு வாசகருக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. அச்சமைப்பும் இதழ்மரபும் அப்பணியை ஓசையின்றிச் செய்துவிடுகின்றன.

இதே இதழை இணையத்தளமொன்றில் இடும்பொழுது நிலைமை மாறிவிடுகின்றது. கவிதை எது, அறிக்கை எது, விளம்பரம் எது என்பதைக் கணனிக்கு வெளிப்படையாக எடுத்துக்கூற வேண்டியுள்ளது. இப்பணியைச் செய்வதற்கென உருவாக்கப்பட்ட மென்பொருள்களே உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகள் எனப்படுவன. அவற்றில் ஒவ்வோர் ஆக்கமும் ஏதேனுமொரு “உள்ளடக்க வகை”யைச் சார்ந்ததாகவே உள்ளிடப்படும். அவ்வகைகள் எவை, எத்தனை, அவற்றின் உறுப்புகள் யாவை என்பதை எவரோ ஒருவர் தீர்மானித்தல் வேண்டும். நமது சூழலில் இத்தீர்மானம் பெரும்பாலும் தளத்தை அமைத்துத்தரும் தொழினுட்பவியலாளரிடம் விடப்படுகின்றது. அவரும் தம் வழக்கப்படி “கட்டுரைகள், செய்திகள், படங்கள், ஏனையவை” என நான்கு பிரிவுகளை அமைத்துவிட்டுச் சென்றுவிடுகிறார். சில மாதங்களில் “ஏனையவை” என்பதே யாவற்றினும் பெரிய பிரிவாகிவிடுகின்றது.

இது வெறும் வசதிக்குறைவு பற்றிய பிரச்சினை அன்று. உள்ளடக்க வகை என்பது முன்னரே உள்ள பொருள்களை இட்டுவைக்கும் வெற்றுப் பெட்டியாகாது. ஓர் ஆக்கத்திடம் எவ்வினாக்கள் கேட்கப்படும், எவை கேட்கப்படமாட்டா என்பது பற்றிய முடிவே வகையாகும். கேட்கப்படாத வினாக்களுக்குரிய விடைகள் காலப்போக்கில் இல்லாதனவாகிவிடும். ஆகவே இது இலக்கிய வரலாற்றாசிரியனதும் சமூகவியலாளனதும் பிரச்சினையுமாகும். இக்கட்டுரை அவ்வடிப்படையில் இம்முறைமைகளின் இயல்பை விளக்க முயல்கின்றது.

2

உலகின் முதலாவது இணையத்தளம் 1991 இல், ஜெனீவாவுக்கு அண்மையிலுள்ள சேர்ன் ஆய்வு நிலையத்தில், டிம் பேர்ணர்ஸ்-லீ என்பாரால் அமைக்கப்பட்டது. அக்காலத்தில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே கையால் எழுதப்பட்டது. எழுத்தும் அதன் தோற்றமும் ஒரே கோப்பினுள் பிணைந்திருந்தன. நூறு பக்கங்களின் தலைப்பு நிறத்தை மாற்றவேண்டுமாயின் நூறு கோப்புகளைத் திருத்தவேண்டியிருந்தது. உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகள் இப்பிணைப்பை அறுத்தன. உள்ளடக்கம் ஒரு தரவுத்தளத்தில் துண்டுதுண்டாகச் சேமிக்கப்படும். தோற்றம் தனியே ஒரு வார்ப்புருவில் இருக்கும். வாசகர் கேட்கும் வேளையில் இரண்டும் இணைந்து பக்கமாக வெளிப்படும்.

இவ்வாறு துண்டுதுண்டாகச் சேமிப்பதற்கு, எத்தகைய துண்டுகள் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்படல் வேண்டும். அத்துண்டுகளுக்குரிய இடங்களைத் தரவுப் புலங்கள் என்போம். ஓர் உள்ளடக்க வகை என்பது அடிப்படையில் புலங்களின் தொகுதியே. நூலுக்கு ஆசிரியர், பதிப்பகம், வெளியீட்டாண்டு, பக்கங்கள் என்பன புலங்களாகும். இதழுக்கு ஆசிரியர் என்ற புலம் பொருந்தாது. அங்கு இதழாசிரியர் யார், எத்தனை காலத்திற்கொருமுறை வெளிவருகின்றது என்பவையே வினாக்கள். ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நோக்குடன் 2005 இல் தொடங்கப்பெற்ற “நூலகம்” தளத்தைப் பார்வையிடுவோர் இவ்வேறுபாட்டைக் கண்கூடாகக் காணலாம். அங்கு நூலின் விவரப் பட்டியல் வேறு, இதழின் விவரப் பட்டியல் வேறு. பின்னதில் “சுழற்சி” என்றொரு புலம் இடம்பெறுகின்றது. இச்சிறு புலத்தின் துணையுடன், குறித்த காலப்பகுதியில் எத்தனை மாத இதழ்கள் தோன்றின என்ற வினாவை ஆய்வாளன் எழுப்ப முடிகின்றது. புலம் இன்றேல் வினாவும் இல்லை.

வகையொன்று வரையறுக்கப்பட்டதும் அதிலிருந்து நான்கு விளைவுகள் பிறக்கின்றன. முதலாவது, உள்ளிடுபவர் நிரப்பவேண்டிய படிவம் எதுவென்பது தீர்மானமாகின்றது. இரண்டாவது, வாசகருக்கு அது எவ்வாறு தோற்றமளிக்கும் என்பது தீர்மானமாகின்றது. மூன்றாவது, எவ்வாறு தேடலாம், எவ்வாறு வரிசைப்படுத்தலாம் என்பது தீர்மானமாகின்றது. நான்காவது, அவ்வகையான ஆக்கத்தை யார் எழுதலாம், யார் திருத்தலாம், யார் வெளியிடலாம் என்ற அதிகாரம் தீர்மானமாகின்றது. இந்நான்காவது விளைவு பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. மாணவர் கவிதையை உள்ளிடலாம், ஆனால் அறிக்கையை நிர்வாகியே உள்ளிடலாம் என விதிப்பது வகையின் வழியாகவே நிகழ்கின்றது.

3

இம்முறைமைகள் தாமும் வரலாற்றின் விளைபொருள்களே. இன்று உலக இணையத்தளங்களுள் ஐந்தில் இரண்டு பங்கிற்கு மேற்பட்டவற்றில் வழங்கும் வேர்ட்பிரஸ், 2003 இல் தனிமனித நாட்குறிப்புகளை வெளியிடும் கருவியாகவே தோன்றியது. அதன் அடிப்படை அலகு “பதிவு” என்பதாகும். பதிவுக்கு ஒரு தலைப்பு, ஓர் உடல், ஓர் ஆசிரியர், ஒரு திகதி உண்டு. புதியது மேலே வரும். பழையது கீழே அமிழும். 2005 இல் காலவரிசைக்குட்படாத “பக்கம்” என்ற அலகு சேர்க்கப்பட்டது. பயன்படுத்துவோர் தமக்கு வேண்டிய வகைகளைத் தாமே அமைத்துக்கொள்ளும் வசதி 2010 இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிலேயே முழுமையாகக் கிட்டியது. அவ்வாறு அமைக்கப்படும் வகைகள் யாவும் இன்றும் தரவுத்தளத்தின் “பதிவுகள்” என்ற அதே அட்டவணையிலேயே சேமிக்கப்படுகின்றன. வகையின் பெயர் அவ்வட்டவணையின் ஒரு நிரலில் மாத்திரம் குறிக்கப்படுகின்றது. எல்லா வகைகளும் நாட்குறிப்பின் எலும்புக்கூட்டின் மீதே தசை பூண்டு நிற்கின்றன.

ட்ருப்பல் என்ற முறைமையின் வரலாறு சற்று வேறானது. அன்ற்வேர்ப் பல்கலைக்கழக மாணவராயிருந்த ட்றீஸ் பொய்ற்றார்ட் தம் நண்பர் குழுவின் செய்திப் பலகையாக உருவாக்கிய நிரல் 2001 இல் பொதுவில் வெளியிடப்பட்டது. அதில் ஒவ்வோர் ஆக்கமும் ஒரு “கணு” எனக் கொள்ளப்பட்டது. நிரலெழுத அறியாதவரும் கணுக்களுக்குப் புலங்களைச் சேர்த்து வகைகளை அமைக்கும் வசதி 2006 அளவில் துணைக்கூறாக வழங்கிற்று. 2011 இல் ஏழாம் பதிப்பில் அது மையக் கூறாகியது. ஒரு கணு இன்னொரு கணுவைச் சுட்டும் உறவுப் புலமும் அம்முறைமையின் வளர்ச்சியில் உருவானதே. அதன் முக்கியத்துவம் பின்னர் நோக்கப்படும்.

கருவி எதுவோ அதன் பிறப்புச் சூழல் அதன் இயல்புநிலை வகைகளிற் படிந்துள்ளது என்பதே ஈண்டு மனங்கொள்ள வேண்டியது. நாட்குறிப்பிற் பிறந்த கருவி, யாவற்றையும் தனியொருவரின் இன்றைய கூற்றாகவே காண முனைகின்றது. கூட்டாக ஆக்கப்பட்டது, ஆக்கியோர் பெயர் அறியப்படாதது, திகதியற்றது ஆகியவற்றுக்கு அதன் இயல்புநிலையில் இடமில்லை. மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த “மூலதன”த்தின் முதற்பாகத்தில், மனிதருக்கிடையிலான உறவுகள் பண்டங்களின் இயற்கைப் பண்புகள் போலத் தோற்றங்காட்டும் நிலையை விளக்கினார். படிவத்திலுள்ள கட்டாயப் புலமும் அத்தன்மைத்தே. எவரோ ஒருவர் எடுத்த முடிவு, “முறைமை இவ்வாறுதான் கேட்கிறது” என்ற வடிவில் இயற்கை விதிபோல் நம்முன் நிற்கின்றது.

4

வகைப்படுத்தல் பற்றிய குழப்பங்களுள் முதன்மையானது, வகையையும் பொருளையும் ஒன்றாகக் கொள்வதாகும். “பெண்ணியம்” என்பது ஓர் உள்ளடக்க வகை அன்று. அது பொருள். கவிதையும் கட்டுரையும் நேர்காணலும் அப்பொருள் பற்றியனவாக இருக்கலாம். “நேர்காணல்” என்பதோ வகை. அதற்குக் கண்டவர், காணப்பட்டவர், நிகழ்ந்த இடம் எனத் தனக்கேயுரிய புலங்கள் உண்டு. வகை ஆக்கத்தின் உருவத்தையும் அது ஆக்கப்பட்ட முறையையும் பற்றியது. பொருட்பகுப்பு அது எதைக் கூறுகின்றது என்பதைப் பற்றியது. ஓர் ஆக்கத்துக்கு வகை ஒன்றே. பொருள்கள் பல.

நூலக அறிவியல் இவ்வேறுபாட்டைப் படிப்படியாகவே கண்டடைந்தது. 1876 இல் வெளிவந்த மெல்வில் டூயியின் தசமப் பகுப்பு அறிவுலகை நூறு நூறாகப் பிரித்து ஒவ்வொரு நூலுக்கும் ஒரேயோர் எண்ணை வழங்கியது. சமயத்துக்குரிய 200 ஆம் வகுப்பின் பெரும்பகுதியைக் கிறித்தவத்துக்கு ஒதுக்கி, உலகின் ஏனைய சமயங்களையெல்லாம் 290 இல் ஒடுக்கிய அப்பகுப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கல்லூரியொன்றின் உலகநோக்கு என்பதை விளக்க வேண்டியதில்லை. “ஏனையவை” என்ற பெட்டி எப்பொழுதும் வகுப்பவன் நிற்குமிடத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. சீர்காழியிற் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராய்ப் பணியாற்றிய சீ. இரா. அரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இதனின்றும் அடிப்படையில் வேறுபட்டது. ஒரு நூலை ஓர் இடத்தில் அடைப்பதற்குப் பதிலாக அதனைப் பல முகங்களாற் பகுத்தறிந்து, அம்முகங்களை இணைத்து எண்ணை ஆக்கும் முறையை அவர் வகுத்தார். இன்று இணையத்தளங்களில் வகை, இடம், காலம், மொழி எனப் பலவாறாகச் சலித்துத் தேடும் வசதி காணப்படுவதற்கு அடிப்படையான சிந்தனை அதுவே. அச்சு அலமாரியில் நூல் ஓரிடத்திலேயே நிற்கமுடியும். தரவுத்தளத்துக்கு அக்கட்டுப்பாடு இல்லை. அவ்வாறிருந்தும் அலமாரியின் மனப்பாங்கோடு நாம் தளங்களை அமைத்துக்கொண்டிருக்கிறோம்.

5

இலக்கிய வகை பற்றிய சிந்தனை தமிழுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் பாட்டு, உரை, நூல் ஆகியவற்றோடு பிசியையும் முதுசொல்லையும் ஒரே பட்டியலிற் சேர்த்து ஏழு யாப்பு வகைகளைக் குறிக்கின்றது. விடுகதையும் பழமொழியும் நூலோடு ஒருங்கு எண்ணப்பட்டமை கருத்தூன்றி நோக்கத்தக்கது. வாய்மொழி வழக்குக்கும் ஏட்டு வழக்குக்குமிடையே பிற்காலத்தில் ஏற்பட்ட ஏற்றத்தாழ்வு அங்கு இன்னும் முற்றாக உறுதிப்படவில்லை எனலாம்.

நிலவுடைமைச் சமுதாயம் இறுகிய காலத்தில் எழுந்த பாட்டியல் நூல்களை இதனோடு ஒப்பிடல் வேண்டும். வெண்பா அந்தணர்க்குரியது, ஆசிரியப்பா அரசர்க்குரியது எனப் பாக்களும் வருணத்தால் வகுக்கப்பட்டன. கலம்பகம் என்ற பிரபந்தத்தில் தேவர்க்கு நூறு செய்யுள், அந்தணர்க்குத் தொண்ணூற்றைந்து, அரசர்க்குத் தொண்ணூறு, அமைச்சர்க்கு எழுபது, வணிகர்க்கு ஐம்பது, வேளாளர்க்கு முப்பது என எண்ணிக்கை விதிக்கப்பட்டது. இன்றைய மொழியிற் கூறுவதாயின் இது ஒரு புலத்துக்கு விதிக்கப்பட்ட ஏற்புவிதி. பாடப்படுவோனின் சாதியைக் கொண்டு செய்யுளின் தொகையை வரையறுக்கும் படிவம். அப்படிவத்தில் வேளாளருக்குக் கீழ்ப்பட்டோருக்குரிய நிரையே இல்லை. அவர்கள் மறுக்கப்பட்டனர் என்று கூட அங்கு எழுதப்படவில்லை. கேட்கப்படவே இல்லை.

சமூக உறவுகள் மாறும்பொழுது வகைகளும் மாறுகின்றன. ஆயின் பெயர்கள் பின்தங்கி வருகின்றன. 1879 இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் நாவல் “பிரதாப முதலியார் சரித்திரம்” எனப்பட்டது. 1885 இல் கண்டியைச் சார்ந்த சித்திலெப்பை எழுதிய ஈழத்து நாவலும் “அசன்பே சரித்திரம்” என்றே அறியப்படலாயிற்று. புதிய உருவம் பிறந்துவிட்டது. அதற்கு நிலைத்த பெயர் இன்னும் அமையவில்லை. தலைப்பை மாத்திரம் கொண்டு தரம்பிரிக்கும் ஒருவர், அல்லது ஒரு பொறி, இவ்விரண்டையும் வரலாற்று நூல்களோடு சேர்த்துவிடக்கூடும். வகையறிவு என்பது இலக்கிய வரலாற்றறிவு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

6

இனி நடைமுறைக்கு வருவோம். இக்கட்டுரையாளர் பங்குகொண்ட முயற்சியொன்றில், சங்க இதழ்கள் சிலவற்றின் ஆக்கங்கள் தனித்தனியே ஓர் இணையத்தளத்தில் இடப்பட்டன. தளத்தில் இருந்தது ஒரே வகை. அதில் “ஆசிரியர்” என்பது கட்டாயப் புலம். அதனை நிரப்பாது சேமிக்கவியலாது. மலையகத் தோட்டமொன்றில் மாணவரொருவர் சேகரித்து வெளியிட்ட தொழிலாளர் பாடல்கள் வந்தபொழுது, உள்ளிட்டவர்கள் சேகரித்த மாணவரின் பெயரையே ஆசிரியராகப் பதிந்தனர். இதழின் அச்சுப் பிரதியில் ஒவ்வொரு பாடலின் கீழும் பாடிய பெண்ணின் பெயரும் தோட்டப் பிரிவின் பெயரும் சிறிய எழுத்தில் இருந்தன. அவற்றை இடுவதற்குப் புலம் இருக்கவில்லை. ஆகவே அவை இடப்படவில்லை. அவசரத்தில் அதைச் சரிபார்த்து ஒப்புதலளித்தவர்களுள் இக்கட்டுரையாளரும் ஒருவர்.

சில காலத்தின் பின், அப்பாடல்களைப் பாடிய மூதாட்டி ஒருவரின் பேரர் அத்தளத்தில் தம் பாட்டியின் பெயரைத் தேடினார். கிடைக்கவில்லை. இதழ் தம் வீட்டில் இருந்ததெனவும், மழையில் அழிந்துவிட்டதெனவும், அதில் பாட்டியின் பெயர் இருந்தமை தமக்கு நிச்சயமாகத் தெரியும் எனவும் அவர் எழுதியிருந்தார். அவர் கூறியது சரி. கொழுந்து பறித்தவளின் உழைப்பு தேயிலையாகி வேறொருவரின் பெயர் பொறித்த பொதியிற் சென்றது போல, அவளது பாடலும் வேறொருவரின் பெயரிற் சென்றது. இம்முறை அதைச் செய்தது தோட்டக் கம்பனி அன்று. முற்போக்கு எண்ணங்கொண்ட நாமே. தீய நோக்கம் எவரிடமும் இருக்கவில்லை. ஒரு கட்டாயப் புலமும் ஓர் இல்லாத புலமும் போதுமானவையாக இருந்தன.

திருத்தம் எளிதாகவே இருந்தது. “நாட்டார் வழக்காறு” என்றொரு வகை அமைக்கப்பட்டது. பாடியவர், சேகரித்தவர், இடம், பாடப்படும் சூழல், பாடியவரின் ஒப்புதல் என்பன அதன் புலங்களாயின. தாலாட்டா, ஒப்பாரியா, கொழுந்து பறிக்கையிற் பாடுவதா என்பதைச் சூழல் குறித்தது. “ஆசிரியர்” என்ற புலம் அவ்வகையில் இல்லை. அச்சுப் பிரதிகளை மீண்டும் எடுத்துப் பெயர்களைப் பதிதலே கடினமாயிருந்தது. இரண்டு இதழ்களின் பிரதிகள் கிடைக்கவேயில்லை. எனவே அவற்றிற் பாடியோரின் பெயர்களை இனி எவரும் அறியார்.

இத்தகைய வகைகளின் தேவை பாடல்களோடு முடிவதன்று. யாழ்ப்பாணத்தில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் வழங்கப்பெறும் நினைவு மலரை எடுத்துக்கொள்வோம். “கல்வெட்டு” என்றும் அது வழங்கும். தேவாரப் பதிகங்களும் புலம்பற் பாக்களும் வாழ்க்கைக் குறிப்பும் வம்சாவளியும் கொண்ட அச்சிறு வெளியீட்டை “நூல்” எனப் பதிந்தால் ஆசிரியர் இல்லாத ஒரு பக்தி நூலாகவே அது தோன்றும். தனி வகையாகக் கொண்டு, நினைவுகூரப்படுபவர், ஊர், தொழில், குடும்ப உறவுகள், புலம்பெயர்ந்த நாடுகள் ஆகியவற்றைப் புலங்களாக்கின், கிராமங்களின் சமூக வரலாற்றுக்கும் இடப்பெயர்வின் வரலாற்றுக்கும் அது முதற்றரமான சான்றாதாரமாகின்றது. “நூலகம்” தளம் நினைவு மலர்களைத் தனிப்பகுதியாக வைத்துப் பேணுவது போற்றத்தக்கது. எனினும் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். அச்சிடும் வசதி படைத்தோரே நினைவு மலர் வெளியிட்டனர். அவ்வகையின் செழுமையை மாத்திரம் கண்டு சமுதாயம் முழுவதையும் கண்டுவிட்டதாகக் கருதலாகாது. மலர் அச்சிட முடியாதவரின் நினைவு எவ்வடிவில் உள்ளது என்று தேடி, அவ்வடிவத்துக்கும் ஒரு வகையை அமைப்பதே ஆவணப்படுத்துவோரின் கடமையாகும். ஒலிப்பதிவு, தொழிற்சங்கத் துண்டுப்பிரசுரம், வேலைநிறுத்தச் சுவரொட்டி என்பன அத்தகையன.

ஆண்டிதழின் விளம்பரங்களும் இவ்வாறே. அவற்றை வீணான பக்கங்களெனக் கருதி வருடாது விடுவோர் உளர். உண்மையில் அவ்விதழின் பொருளாதார அடித்தளம் அப்பக்கங்களிலேயே எழுதப்பட்டுள்ளது. இதழை எவ்வர்த்தகர் தாங்கினர், எவ்வூர்க் கடைகள் தமிழ்ச் சங்கத்தோடு உறவு பூண்டிருந்தன, எந்த ஆண்டின் பின் அவை மறைந்தன என்பவற்றை வேறெங்கும் அறிதல் அரிது. “விளம்பரம்” என்பதற்கு நிறுவனம், இடம், பொருள், இதழ் எனப் புலங்கள் அமைத்தால், 1983 இற்கு முன்னும் பின்னும் தென்னிலங்கையின் தமிழ் வர்த்தகம் பற்றிய ஆய்வொன்றுக்கு அதுவே வித்தாகலாம்.

7

இவ்வாறு கூறுவதால் வகைகளை எல்லையின்றிப் பெருக்குதல் வேண்டும் என்பது கருத்தன்று. ஒவ்வொரு வகையும் உழைப்பைக் கோருகின்றது. படிவத்தை நிரப்புபவர் பெரும்பாலும் ஊதியமற்ற தொண்டர். இருபது புலங்கள் கொண்ட படிவத்தில் பதினைந்து வெறுமையாகவே நிற்கும். புதிய வகை வேண்டுமா என்பதைத் தீர்மானிக்க மூன்று வினாக்கள் போதுமானவை. இதற்கென வேறு புலங்கள் உளவா? இதனை வேறு விதமாகத் தேடவும் வரிசைப்படுத்தவும் வேண்டுமா? இதனை உள்ளிடுவதிலும் வெளியிடுவதிலும் உரிமையும் ஒப்புதலும் வேறுபடுமா? ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையாயின் தனி வகை பொருத்தமானது. மூன்றுக்கும் இல்லையெனின் வேறுபாடு பொருளைப் பற்றியதாகவோ தோற்றத்தைப் பற்றியதாகவோதான் இருக்கும். முன்னதற்குப் பொருட்பகுப்பும் பின்னதற்கு வார்ப்புருவும் போதும். இவ்வளவைக்கொண்டு நோக்கின் மரபுக்கவிதையும் புதுக்கவிதையும் இரு வகைகளாகா. கவிதை என்ற ஒரே வகையின் உட்பகுப்புகளே. நாடக எழுத்துருவும் நாடக மேடையேற்றமும் இரு வகைகளாகும். மேடையேற்றத்துக்கு நடிகர், நெறியாளர், அரங்கு, திகதி என்ற புலங்கள் உண்டு.

மனிதரையும் ஒரு வகையாகக் கொள்ளல் இன்னொரு முக்கிய நெறியாகும். ஆசிரியர் பெயரை ஒவ்வோர் ஆக்கத்திலும் எழுத்தாகத் தட்டெழுதினால் ஒரே மனிதர் பலராகிவிடுவர். மஹாகவியும் து. உருத்திரமூர்த்தியும் ஒருவரே என்பதைக் கணனி தானாக அறியாது. “நபர்” என்ற வகையில் ஒருமுறை பதிந்து, ஆக்கங்களிலிருந்து உறவுப் புலத்தால் அவரைச் சுட்டினால் புனைபெயர்கள் ஓரிடத்தில் ஒன்றுசேரும். அவ்வுறவுக்கு ஒரு பெயரும் வழங்கலாம். எழுதியவர், பாடியவர், சேகரித்தவர், மொழிபெயர்த்தவர், ஓவியம் வரைந்தவர், அச்சுக் கோத்தவர் என அவ்வுறவுகள் விரியும். அப்பொழுது இலக்கியம் தனி மேதையின் படைப்பாகவன்றிப் பலரது உழைப்பின் சங்கமமாகத் தோன்றும். முற்போக்குத் திறனாய்வு நெடுங்காலமாகக் கோட்பாடாகக் கூறிவந்ததைத் தரவுத்தளம் நடைமுறையிற் காட்டவல்லது.

வெளியுலகோடு தொடர்புகொள்ளப் பொது நியமங்கள் உள. 1995 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து டப்ளின் நகரிற் கூடிய அறிஞர்களின் முயற்சியால் உருவான டப்ளின் கோர் நியமம் பதினைந்து கூறுகளைக் கொண்டது. அதில் வகையும் பொருளும் வெவ்வேறு கூறுகளாக இருப்பதும், ஆக்கியவரும் பங்களித்தவரும் வேறுபடுத்தப்படுவதும் நமக்கு உவப்பானவை. பாடியவரை ஆக்கியவராகவும் சேகரித்தவரைப் பங்களித்தவராகவும் அதிற் பொருத்தலாம். 2011 இல் கூகிள், பிங், யாகூ ஆகிய தேடுபொறி நிறுவனங்கள் கூட்டாக வெளியிட்ட ஸ்கீமா என்ற சொற்றொகுதி வேறொரு தேவையிற் பிறந்தது. நூல், நபர், நிகழ்வு என்பனவற்றோடு விற்பனைப் பொருள், விலைக்கூறு, மதிப்புரைப் புள்ளி ஆகியனவும் அதில் விரிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. சந்தைக்கு வேண்டியவை நுணுக்கமாகவும் ஏனையவை பொதுவாகவும் அமைந்திருத்தல் வியப்பன்று. தேடுபொறியில் நம் ஆக்கங்கள் அகப்படுவதற்காக அதனைப் பயன்படுத்துவதிற் தவறில்லை. நம் வகைகளை முதலில் நாம் வகுத்துப் பின்னர் அவற்றை அதனோடு பொருத்த வேண்டுமேயன்றி, அதிலுள்ள வகைகளுக்கேற்ப நம் இலக்கியத்தை வெட்டிக்கொள்ளலாகாது.

8

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபொழுது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அழிந்த நூலை மீளத் தேடவேண்டுமாயின் அப்படியொரு நூல் இருந்தமைக்குப் பட்டியலொன்று சான்று பகர வேண்டும். பட்டியலில் இடம்பெறாதது இருமுறை அழிகின்றது. இன்று நாம் அமைக்கும் இணையத்தளங்கள் நாளைய பட்டியல்கள். அவற்றில் எவை வகையாகின்றனவோ அவையே நாளை தேடப்படும்.

ஆகவே தமிழ்ச் சங்கங்கள் தத்தம் தளத்தை அமைக்க முனையும்பொழுது, நிறத்தையும் முகப்புப் படத்தையும் பற்றிப் பேசுமுன், ஒரு மாலைப்பொழுதை வேறொரு பணிக்கு ஒதுக்குதல் நன்று. பழைய இதழ்கள் சிலவற்றை மேசைமீது பரப்பி, அவற்றிலுள்ள ஆக்கங்கள் எத்தனை வகையின, ஒவ்வொன்றும் யார் யாருடைய உழைப்பால் உருவாயிற்று, அவர்களுள் எவரின் பெயர் சிறிய எழுத்தில் உள்ளது என்று எழுதிப் பார்த்தல் வேண்டும். அத்தாளைக் கொண்டுசென்று தொழினுட்பவியலாளரிடம் கொடுத்தால் அவரால் அதனை ஓரிரு நாள்களிற் படிவமாக்க இயலும். அத்தாளை எழுதுவது அவரின் பணி அன்று. இலக்கியத்தையும் அதைத் தாங்கிய மக்களையும் அறிந்தவர்களின் பணி அது.